காலவரையறை வகுப்பும் பதினேழு நாள் தாமதமும்

காலை ஒன்பது மணி முப்பத்தைந்து நிமிடம். கோர்ட்டு வராந்தாவில் யாரும் இல்லை. முதலில் கண்ணில் பட்டது, நோட்டீஸ் பலகையின் நட்டநடுவில் குத்தியிருந்த ஒரு தட்டச்சுத் தாள். முக்கால் பக்கம். கீழே நீல முத்திரை. அதைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் படிக்கவில்லை. அதன்மேல் என் விளம்பரத்தை வைத்து நான்கு மூலையிலும் குண்டூசியைக் குத்தினேன். பிறகு பத்தடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தேன்.

இத்தனை வருடம் கழித்தும் நேரத்தை இவ்வளவு சுத்தமாகச் சொல்வதற்குக் காரணம், வக்கீலாவதற்கு முன் நான் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு அருப்புக்கோட்டை வட்டாரப் பகுதிநேர நிருபராக இருந்தேன். எது நடந்தாலும் கை தானாகக் கடிகாரத்தைப் பார்க்கும். பந்தல்குடி சாலையில் லாரி கவிழ்ந்தால் மணி, வண்டி எண், என்ன லோடு என்று மூன்றையும் எழுதாமல் வீடு திரும்ப மாட்டேன். லோடுக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. வக்கீலாகி நான்கு வருடம் முடிந்திருந்தது. எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் இணைச் செயலாளர் பதவி. (போட்டியின்றித் தேர்வு. வேறு யாரும் நிற்கவில்லை.) அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாததால் நானே ஒரு வேலையைக் கண்டுபிடித்தேன். வக்கீல்களுக்குத் தொடர் சட்டக் கல்வி.

அதுவரை எங்கள் ஊரில் ஒரு வக்கீலின் படிப்பு, சட்டக் கல்லூரிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய அன்று முடிந்துவிடும். சங்க நூலகத்தில் தீர்ப்புத் தொகுப்புகள் இருந்தன. கடைசியாக அவற்றை முழுவதும் படித்தது கரையான். சட்டத்தில் திருத்தம் வந்திருப்பதே, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று சொல்லும்போதுதான் பலருக்குத் தெரியவரும். எனக்கும் அப்படித்தான்.

முதல் வகுப்பை அதற்கு முந்தைய கோடையில் நடத்திப் பார்த்தேன். பேசுவதற்கு மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கேட்பதற்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் இருவர் சாட்சிகள்; தங்கள் கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள். பேராசிரியர் அவர்களைப் பார்த்தே ஒன்றரை மணி நேரம் பேசினார். அவர்கள்தான் தூங்கவில்லை.

இரண்டாவது வகுப்பில் இந்த அவமானம் கூடாது என்று முடிவு செய்தேன். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரைப் பேச அழைத்தேன். தலைப்பு, காலவரையறைச் சட்டம். எந்த வழக்கை, எந்த மேல்முறையீட்டை எத்தனை நாளுக்குள் போட வேண்டும், நாள் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் சட்டம். அவர் ஒப்புக்கொள்வதற்குள் நான் மூன்று முறை மதுரைக்கு பஸ் ஏறினேன்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் சவரியம்மாளின் வழக்கு தோற்றது.

சவரியம்மாள் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். கணவர் இல்லை. கரிசலில் கொஞ்சம் நிலம், ஒரு மாட்டு வண்டி, இரண்டு மாடுகள். நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதை பக்கத்து நிலக்காரரின் புஞ்சை வழியே போகிறது. அவர் பாதையே கிடையாது என்றார். கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பாதை போனதுதான்.

தீர்ப்பு வந்த ஐந்தாம் நாளே சவரியம்மாள் என் அறைக்கு வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அவுக இப்பவே முள்ளு வெட்டிக் குமிச்சுட்டாகய்யா. சீக்கிரம் அப்பீலு போட்ருங்க."

"நாள் கிடக்கும்மா. தீர்ப்பு நகலுக்கு மனுப் போடணும். அது வர்ற வரைக்கும் ஆகுற நாளு கணக்குலயே சேராது. கவலப்படாதீங்க."

இது சரியான சட்டம்தான். மேல்முறையீட்டோடு தீர்ப்பின் நகலை வைக்க வேண்டும். நகல் கேட்டு மனுப் போட்டால், அது தயாராகும் வரை ஆகும் நாட்களை முப்பதிலிருந்து கழித்துவிடுவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நகல் எடுக்க எத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று நகல் பிரிவு கணக்கிட்டு, மனு எண்களோடு ஒரு பட்டியலை நோட்டீஸ் பலகையில் போடும். பார்த்துக் குறித்த நாளுக்குள் தாளைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மனு கழிந்துவிடும். மனு கழிந்தால் நாள் சலுகையும் அதோடு போய்விடும்.

ஆகவே எங்கள் ஊரில் வக்கீலும் குமாஸ்தாவும் காலையில் வந்ததும் முதலில் போய் நிற்கும் இடம் அந்தப் பலகைதான். பலகையின் ஓரமெல்லாம் உளுத்துப்போய்க் குண்டூசி நிற்காது. நடுப்பகுதி மட்டும் திடம். பட்டியலை அங்கேதான் குத்துவார்கள். எல்லோர் கண்ணும் நேரே அங்கேதான் போகும்.

நான் என் விளம்பரத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

நகல் மனுவை ஐந்தாம் நாள் போட்டிருக்கலாம். வகுப்பு வேலையில் இருந்தேன். இருபத்து நான்காம் நாள் போட்டேன். இருபத்து ஏழாம் நாள் மாலை, எல்லோரும் போன பிறகு, பட்டியல் பலகைக்கு வந்தது. இருபத்து எட்டாம் நாள் காலை ஒன்பது முப்பத்தைந்துக்கு நான் வந்தேன்.

விளம்பரம் முழு அளவு ஓவியத் தாளில், சிவப்பும் நீலமுமாக எழுதியது. மேலே நீதிபதியின் பெயர். அவர் பெயரைவிடப் பெரிதாக நான் போட்ட தலைப்பு: 'ஒரு நாள் தவறினால் ஒரு வழக்கு போச்சு!' ஆச்சரியக்குறிக்கு மட்டும் இரண்டு வண்ணம் கொடுத்திருந்தேன். அடியில் இருந்த தாளைப் பழைய பட்டியல் என்று நினைத்துக்கொண்டேன். தேதியைப் பார்க்கவில்லை.

விளம்பரம் ஒன்பது நாள் அங்கே இருந்தது. அந்த ஒன்பது நாளும் வக்கீல்கள் காலையில் வந்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், நீதிபதியின் பெயரைப் படித்தார்கள், பட்டியல் இல்லை என்று திரும்பிப் போனார்கள். ஐந்தாம் நாளிலிருந்து முணுமுணுப்பு ஆரம்பித்தது.

"ஏலே, காப்பி லிஸ்டு ஏன் இன்னும் வரல?" என்று கேட்டான் என்னோடு படித்த மாரிமுத்து.

"செக்ஷன்ல தூங்குறாங்கடா. கேக்க ஆளு இல்ல" என்றேன்.

"நீ சங்கத்துல செயலாளருதான? கேளு."

"கேட்டுருவோம்."

கேட்டிருக்கலாம். நகல் பிரிவு பலகையிலிருந்து பதினைந்து தப்படி. ஆனால் எனக்கு அது போதவில்லை. நிருபர் புத்தி. நேரில் போய்க் கேட்டால் பதில்தான் கிடைக்கும். சபையில் கேட்டால் செய்தி கிடைக்கும். பெரிய நீதிபதி வருகிற அன்று, கேள்வி நேரத்தில் எழுந்து கேட்பது என்று வைத்துக்கொண்டேன். கேள்வியைத் தாளில் எழுதி இரண்டு முறை திருத்தினேன்.

முப்பத்தாறாம் நாள், வெள்ளிக்கிழமை. மாலை நாலரைக்குக் கோர்ட்டு ஹாலிலேயே வகுப்பு. பெஞ்சு போதாமல் சாட்சிக் கூண்டிலும் ஆள் நின்றார்கள். வருகைப் பதிவேட்டில் அறுபத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. முன் வரிசையில், காராச்சேவுத் தட்டுக்குப் பக்கத்தில், பக்கத்து நிலக்காரரின் வக்கீல் கிருஷ்ணசாமி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அவர் வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

நீதிபதி நன்றாகப் பேசினார்.

"கேஸுல தோத்தா கட்சிக்காரன் மன்னிப்பான். நாளு தப்பிட்டா மன்னிக்க மாட்டான். குமாஸ்தாவை நம்பாதீங்க. நோட்டீஸ் போர்டைத் தினமும் நீங்களே போய்ப் பாருங்க. நல்லாப் பாருங்க."

அறுபத்திரண்டு தலைகளும் ஆடின. என் தலை கொஞ்சம் கூடுதலாக ஆடியதாக மாரிமுத்து பிறகு சொன்னான்.

கேள்வி நேரம் வந்தது. எழுந்தேன்.

"ஐயா, நாங்க தினமும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஒன்பது நாளா நகல் பட்டியலே போடல. பலகையைப் பார்க்காத வக்கீலுக்குத் தண்டனை உண்டு. பலகையில போடாத அலுவலகத்துக்கு என்ன தண்டனை?"

கைதட்டல். என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்குக் கிடைத்த முதல் கைதட்டல். கடைசியும் அதுதான்.

நீதிபதியின் முகம் மாறியது. "நகல் பிரிவுல யாரு இருக்கா? வரச் சொல்லுங்க."

காதர் மைதீன் வந்தார். நகல் பிரிவு எழுத்தர். சட்டைப் பையில் பேனா, கையில் பதிவேடு. வேலை செய்யாதவர் என்று அவரைப் பற்றி அந்த வாரம் பத்துப் பேரிடமாவது நான் சொல்லியிருப்பேன்.

"பட்டியல் போடலையாமே?" என்றார் நீதிபதி.

"போட்டாச்சுங்கய்யா. ரெண்டு லிஸ்டு போட்ருக்கு. தேதியோட பதிவேட்டுல இருக்கு."

"எங்க போட்டீங்க?"

"போர்டுலதாங்கய்யா."

"போர்டுல இல்லைங்கறாங்களே?"

காதர் மைதீன் என்னைப் பார்த்தார். "வந்து பாருங்கய்யா" என்றார்.

நீதிபதி எழுந்தார். அவர் எழுந்ததால் அறுபத்திரண்டு பேரும் எழுந்தார்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி வராந்தாவுக்குப் போனோம். மணி ஐந்து ஐம்பத்தொன்று. காதர் மைதீன் என் விளம்பரத்தின் கீழ் ஓரத்து ஊசிகள் இரண்டையும் பிடுங்கி, தாளை இரண்டு விரலால் மேலே தூக்கினார். அடியில் ஒரு பட்டியல் இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது.

"ரெண்டாவது லிஸ்டை எப்படி இதுக்கு அடியில குத்தினீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

பட்டியல் குத்துகிற வேலை டவாலி முத்திருளாண்டியுடையது. கூட்டத்தின் பின்னாலிருந்து அவரே பதில் சொன்னார். "மேல பெரிய ஜட்ஜய்யா பேரு போட்டிருந்துச்சுங்க. அதக் கழட்ட நமக்கு ஏது அதிகாரம்? அதான் தூக்கிட்டு அடியில குத்திட்டு, திரும்ப மூடி விட்டுட்டேன். ஊசிகூட பழைய ஓட்டையிலயேதான் குத்துனேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். எல்லோரும் முண்டியடித்துத் தங்கள் மனு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முதல் பட்டியலில் பதினோரு மனுக்கள். குறித்த நாள் முடிந்து பதினொன்றும் கழிந்திருந்தன.

"எப்ப கழிஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"நேத்துதான் சார்" என்றார் காதர் மைதீன். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மற்ற பத்துப் பேரும் தங்கள் தங்கள் தீர்ப்பு வந்த முதல் வாரத்திலேயே மனுப் போட்டவர்கள். அவர்களுக்கு இன்னும் நாள் பாக்கி இருந்தது. புதிதாக மனுப் போட்டால் போதும். முப்பது நாளும் முடிந்துபோனது ஒருவருக்கு மட்டும்தான். ஒன்பதாவது எண்.

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விளம்பரத்தை முழுவதும் படித்தார்.

"இத யாரு எழுதினது?"

"நம்ம இணைச் செயலாளர்தாங்க" என்றார் சங்கத் தலைவர் பெருமாள்சாமி. "முன்னாடி பேப்பர்ல இருந்தவரு."

"தலைப்பு சரியாத்தான் போட்டிருக்காரு" என்றார் நீதிபதி.

அதற்குப் பிறகு எல்லோரும் உள்ளே போனோம். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருந்தது நன்றியுரை. நன்றியுரை என் பொறுப்பு. நீதிபதிக்கு நன்றி சொன்னேன். வந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். எழுதி வைத்திருந்த தாளில் அடுத்த வரி, 'ஒத்துழைத்த நீதிமன்ற ஊழியர்களுக்கும்' என்று இருந்தது. வாசித்தேன். அப்போதுதான் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு சவரியம்மாள் வந்தார். திருச்சுழி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருந்தார். காலெல்லாம் புழுதி.

"அப்பீலு போட்டாச்சாய்யா?"

"இல்லம்மா. ஒரு சிக்கல் ஆயிருச்சு. ஒக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கால் மணி நேரம் விளக்கினேன். சட்டப் பிரிவெல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் முழுவதையும் ஒரு வரியாகச் சுருக்கினார். (அவர் பத்திரிகையில் இருந்திருக்க வேண்டியவர்.)

"அப்ப ஒங்க பேப்பருக்கு அடியில எங்க பேப்பரு."

"ஆமாம்மா."

"என்ன வகுப்புய்யா அது?"

"நாளு தப்பாம அப்பீல் போடுறது எப்படின்னு."

"யாருக்கு?"

"வக்கீலுகளுக்குத்தான்."

சவரியம்மாள் என் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பள்ளிக்கூடம் போனதுக்கு நான் பெயிலாய்யா?"

வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "கெடுத்தவுகதான் நேராக்கணும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

புதிதாக நகல் வாங்கி மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தபோது நாற்பத்தேழாம் நாள். பதினேழு நாள் தாமதம். தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட வேண்டும். ஏன் தாமதம் என்று சத்தியப் பிரமாணமாக எழுத வேண்டும். தவறு கட்சிக்காரருடையது அல்ல என்பதால் நானே கையெழுத்திட வேண்டிய பிரமாணம் அது. 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று ஆரம்பித்துப் பெருமாள்சாமியிடம் காட்டினேன்.

"என்னய்யா தவிர்க்க இயலாத காரணம்? நீதான் காரணம். மணியோட எழுதுற ஆளுதான நீ? எழுது" என்றார்.

எழுதினேன். ஒன்பது முப்பத்தைந்தையும் எழுதினேன்.

வகுப்பு முடிந்த மறுநாளே கிருஷ்ணசாமி என்னிடம் வந்து, "அந்த விளம்பரத்த எனக்குக் குடுத்துருப்பா. எழுத்து கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கு. ரூமுல மாட்டிக்கிறேன்" என்று கேட்டிருந்தார். அந்த வாரம் என்னிடம் யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. சுருட்டி, ரப்பர் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மன்னிப்பு மனு விசாரணைக்கு வந்த அன்று அந்த ரப்பரோடு அதைக் கொண்டுவந்து கோர்ட்டில் விரித்தார். எதிர்த்தரப்புச் சான்றாவணம் ஒன்று. வருகைப் பதிவேட்டின் நகல், சான்றாவணம் இரண்டு.

"யுவர் ஆனர், மனுதாரரின் வக்கீலுக்குச் சட்டம் தெரியாதுன்னு சொல்ல முடியாது. சட்டத்த ஊருக்கே சொல்லியிருக்காரு. வகுப்புக்கு மொதக் கையெழுத்து அவரோடது. நோட்டீஸ் போர்டைத் தினமும் பாருங்கன்னு வகுப்பெடுத்த ஜட்ஜய்யா சொன்னப்ப நான் பக்கத்துல இருந்தேன், குறிப்பும் எடுத்திருக்கேன்." நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை வாசித்தார். தொடர் சட்டக் கல்வியால் எங்கள் ஊரில் உண்மையிலேயே பயன் அடைந்த ஒருவர் உண்டு என்றால் அது அவர்தான்.

மனுவை விசாரித்த நீதிபதி விளம்பரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா, யுவர் ஆனர்."

"ஆச்சரியக்குறிக்கு ஏன் ரெண்டு கலர்?"



மனு பதினான்கு மாதம் நடந்தது. ஒரு வாய்தாவுக்கு எதிர்மனு தயாரில்லை. ஒரு வாய்தாவுக்கு வக்கீல்கள் புறக்கணிப்பு. (தீர்மானத்தை நகல் எடுத்து விநியோகித்தது இணைச் செயலாளர்.) ஒரு நீதிபதி மாற்றலாகிப் போய், அடுத்தவர் வந்து, ஆச்சரியக்குறியைப் பற்றி மறுபடி முதலிலிருந்து கேட்டார். மனு முடிந்து மேல்முறையீட்டுக்கு எண் விழும்வரை வேலிக்குத் தடை கேட்க வழியில்லை. அந்தப் பதினான்கு மாதமும் முள்வேலி அங்கேயே இருந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சவரியம்மாள் வந்து வராந்தாவில், அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். வேறு இடத்தில் உட்காரச் சொன்னால் கேட்க மாட்டார்.

கடைசியில் தாமதம் மன்னிக்கப்பட்டது. வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று உத்தரவில் எழுதியிருந்தது. அந்த வரியை என் பெயரோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மேல்முறையீடு எண் பெற்று, அது முடிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

சங்கம் நடத்திய தொடர் கல்வியில் மூன்றாவது வகுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. ஆனால் ஒரு பாடம் மட்டும் நிலைத்துவிட்டது. எங்கள் கோர்ட்டு வராந்தாவில் இன்றைக்கும் பலகையில் எந்தத் தாளைப் பார்த்தாலும், வக்கீல்கள் முதலில் அதன் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்ப்பார்கள். புதிதாக வரும் ஜூனியர்களும் தூக்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், இங்கே அப்படித்தான் வழக்கம் என்கிறார்கள்.

வீட்டில் இது வேறு விதமாக நிலைத்தது. தை மாதம் புதுக் காலண்டரை எடுத்துக்கொண்டு நான் ஆணியை நோக்கிப் போனால், மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "அடியில லிஸ்டு கிஸ்டு இருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க." மகள் சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் காலையில், பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னிடம் கேட்பாள்: "நான் போனா இன்னைக்கு யாருப்பா பெயிலாவாக?" அவளுக்கு இப்போது ஒரு மகள். அவளும் இதைக் கேட்கிறாள்.

மேல்முறையீட்டில் சவரியம்மாள் ஜெயித்தார். பத்தடி அகல வண்டிப்பாதை, வேலியை ஒரு மாதத்துக்குள் அகற்ற வேண்டும் என்று தீர்ப்பு. தீர்ப்பு நகலுக்கு அன்றே மனுப் போட்டேன். பட்டியலைத் தினமும் பார்த்தேன். ஐந்தாம் நாள் முத்திரைத்தாளைக் கட்டினேன். நகலை நானே கையில் எடுத்துக்கொண்டு திருச்சுழிக்கு பஸ் ஏறினேன். வீட்டை அடைந்தபோது பதினொன்று நாற்பது. சவரியம்மாள் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு, பருத்தி மூட்டையைத் தலையில் வைத்து வந்துகொண்டிருந்தார். மாடுகளையும் வண்டியையும் போன வருடமே பந்தல்குடிக்காரர் ஒருவருக்கு விற்றிருந்தார்.